பார்லே-ஜி விலையே ஏற்றவில்லையாம்!

எங்கள் மூத்தோர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து விழும் செய்தி ஒன்று உண்டு. மஞ்சள் உறை, அந்தக் குழந்தைப் படம், கீழே நீளமாக ஒரு புகழ்மாலை. இருபத்தைந்து வருடம் விலையே ஏற்றாத கம்பெனி, ஏழையின் பசி அறிந்த கம்பெனி, இந்தியன் என்றால் பத்துப் பேருக்கு அனுப்பவும். வங்கியில் மேனேஜராக இருந்தவர்கள், கணக்கு வாத்தியாராக இருந்தவர்கள்கூட ஒரு கும்பிடு படம் சேர்த்து அதை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

போன வாரம் வந்தபோது நான் ஒரே வரி பதில் போட்டேன். "விலை ஏறவில்லை, சரி. எடை?" அவ்வளவுதான். உமக்கு எதிலும் குற்றம்தான் என்றார் ஒருவர். சுதேசிக் கம்பெனியையாவது விட்டு வைக்கக் கூடாதா என்றார் இன்னொருவர். செல்போனில் விரல் நோக வாதாட என்னால் முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இதில் உனக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: 1979 முதல் 2012 வரை கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிஸ்கட் மிட்டாய் ஏஜென்சியில் கணக்கு எழுதியவன் நான். எங்கள் முதலாளி எடுத்திருந்த கம்பெனி எது என்பது இந்தப் பதிவுக்கு வேண்டாம். அது பார்லே அல்ல என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆனால் பிஸ்கட் வியாபாரம் எந்தக் கம்பெனியில் நடந்தாலும் பெட்டிக் கணக்கு ஒன்றுதான். லைன் போகிற சேல்ஸ்மேன் கொண்டுவரும் ஆர்டர், பெட்டிக்கு எத்தனை பாக்கெட், ஸ்கீம் என்ன, நமுத்துப்போய்த் திரும்பி வந்தது எத்தனை என்று முப்பத்துமூன்று வருடம் பேரேட்டில் எழுதியிருக்கிறேன்.

பார்லேயின் தொடக்கத்தைப் பற்றி நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். மோகன்லால் தயாள் என்பவர் துணித் தொழிலில் இருந்தவர். சுதேசி இயக்கம் சூடாக இருந்த காலம். மிட்டாய் என்றால் கப்பலில் வரும் வெள்ளைக்காரன் சரக்கு, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றிருந்தபோது, ஜெர்மனிக்குப் போய்த் தொழில் கற்று, இயந்திரம் வாங்கி வந்து, 1929ல் பம்பாய்க்கு வெளியே விலே பார்லேயில் பன்னிரண்டு ஆட்களோடு ஆலை தொடங்கினார். ஊர்ப் பெயரே கம்பெனிப் பெயர் ஆயிற்று. முதலில் செய்தது பிஸ்கட் அல்ல, ஆரஞ்சு மிட்டாய். முப்பதுகளின் கடைசியில்தான் பிஸ்கட் வந்தது. தகர டப்பாவில் இறக்குமதியாகி வந்த இங்கிலீஷ் பிஸ்கட்டோடு போட்டி போட்டு, சாதாரண ஜனங்கள் வாங்கும் விலைக்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தது பெரிய காரியம்தான். விடுதலைக்குப் பிறகு கோதுமைத் தட்டுப்பாடு வந்தபோது, நிலைமை சீராகும் வரை பார்லி பிஸ்கட் சாப்பிடுங்கள் என்று விளம்பரமே கொடுத்தார்கள். நம்மிடம் இது இல்லை, அதனால் இதைக் கொடுக்கிறோம் என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொன்ன விளம்பரம் அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பின்ஸ், கிஸ்மி, மேங்கோ பைட், மெலடி எல்லாம் இதே வீட்டுச் சரக்கு. நம் பக்கத்தில் இவற்றுக்கெல்லாம் முன்னோடி நெல்லிக்குப்பத்துப் பாரி மிட்டாய். காபி பைட், லாக்டோ கிங் தின்னாமல் வளர்ந்தவர் தென்னாற்காட்டில் யார்? அந்த மிட்டாய்க் கம்பெனியை 2004ல் கொரியாக்காரர்களின் லோட்டே வாங்கிவிட்டது. அது தனிக் கதை, பிறகு ஒருநாள் எழுதுகிறேன்.

இப்போது அந்தப் புகழ்மாலைக்கு வருவோம்.

1994ல் பார்லே-ஜி சின்னப் பாக்கெட் நாலு ரூபாய். உள்ளே 100 கிராம். பல வருடம் அந்த நாலு ரூபாய் நகரவில்லை, உண்மை. ஆனால் 2008 வாக்கில் நூறு கிராம் 92.5 ஆயிற்று. அப்புறம் 88. பிறகு நாலு ரூபாய் ஐந்து ரூபாய் ஆகி, எடை இறங்கி இறங்கி 55 கிராமுக்கு வந்து நின்றது. கணக்கு வாத்தியார்கள் இருக்கிறீர்கள், போட்டுப் பாருங்கள். அன்று ஒரு கிராம் 4 காசு. 55 கிராம் ஐந்து ரூபாய் என்றால் ஒரு கிராம் 9 காசு. இரண்டே கால் மடங்கு. இதற்குப் பெயர் விலை ஏறாததா?

உடனே ஒரு பதில் வரும். அந்தக் காலத்தில் ஒன்றரை ரூபாய் விற்ற டீ இன்று பன்னிரண்டு, பதினைந்து. அதோடு பார்த்தால் பிஸ்கட் ஏறியது ஒன்றுமே இல்லையே? சரியான பதில்தான். நான் ஒப்புக்கொள்கிறேன். மைதா, சர்க்கரை, பாமாயில், டீசல், கூலி எல்லாம் எவ்வளவு ஏறின என்று பார்த்தால் இந்தக் கம்பெனி செலவை இறுக்கிப் பிடித்துத்தான் தொழில் நடத்தியிருக்கிறது. ஏற்றியது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. ஏற்றிவிட்டு, ஏற்றவில்லை என்று மாலை வாங்கிக்கொள்வதுதான் தப்பு.

டீக்கடைக்காரரைப் பாருங்கள். பால் விலை ஏறினால் மறுநாள் காலை சிலேட்டில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிப் போடுகிறார். டீ 12, காபி 18. வருகிறவன் எல்லாம் முணுமுணுக்கிறான். "ஏம்ப்பா, போன மாசம்தானே ஏத்தின?" என்று ஒரு பத்து நாள் ஏச்சு வாங்கித்தான் அந்த இரண்டு ரூபாயைச் சம்பாதிக்கிறார். அவர் டம்ளரின் அடியைத் தடிமனாக்கி உயரம் குறையாமல் டீயைக் குறைத்தால் நாம் சும்மா விடுவோமா? கடையை மாற்றிவிடுவோம், போகிற வருகிற இடமெல்லாம் சொல்லி மானத்தை வாங்குவோம். அதையே பம்பாயில் உட்கார்ந்து கோட்டு போட்டவர் செய்தால் தியாகம் என்கிறோம்.

எடைக் குறைப்பு எப்படி நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன், என் ஏஜென்சியில் பார்த்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் கம்பெனி சேல்ஸ் ஆபீசர் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். குறிப்பிட்ட பாக்கெட்டுக்கு அடுத்த மாதம் முதல் நிகர எடை மாறுகிறது, விலையில் மாற்றமில்லை, கடைக்காரர்களிடம் 'விலையில் மாற்றமில்லை' என்பதை எடுத்துச் சொல்லவும். இவ்வளவுதான் வாசகம். எடை கூடுகிறதா குறைகிறதா என்றுகூட முதல் பக்கத்தில் இல்லை, பின்னால் இருந்த பட்டியலில்தான் இருந்தது. எங்கள் முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார், "தம்பி, கடைக்காரன் எடை கேட்டா என்ன சொல்றது?" ஆபீசர் சிரித்தார். "யாரு சார் எடை கேக்கறாங்க? அஞ்சு ரூபா பாக்கெட் குடுன்னுதானே கேக்கறாங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. எனக்குத் தெரிந்து ஒரு கடைக்காரர்கூடக் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது மார்ஜினும் ஸ்கீமும். பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் சரி. புதுப் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உறையின் அகலமும் படமும் அப்படியே. நீளம் ஒரு விரற்கடை குறைவு, பிஸ்கட் ஒரு நூல் மெலிவு. பழைய பாக்கெட் பக்கத்தில் இருந்தால்தான் கண்டுபிடிக்கலாம். பழைய சரக்கு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் புதியது கடைக்குப் போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் எங்களுக்கு வந்த உத்தரவுகளில் ஒன்று.

இன்னொன்றும் நடக்கும். எடையைக் குறைத்து ஒரு வருடம் போன பிறகு, திடீரென்று உறையில் சிவப்புப் பட்டை வரும். 20 சதவீதம் கூடுதல், இலவசம்! எடுத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்குப் பெயர் இலவசம். எங்கள் கிடங்கில் பெட்டி இறக்கிய ஆட்களுக்குக்கூட அது தெரியும். "போன தீவாளிக்குப் புடுங்கனத இந்தத் தீவாளிக்குத் தர்றான்" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

ஏன் நேராக விலையை ஏற்றுவதில்லை? காரணம் நாணயம். நாணயம் என்றால் கையில் புழங்கும் சில்லறையைச் சொல்கிறேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் இவற்றுக்கு நடுவில் விலை வைத்தால் பெட்டிக்கடையில் சில்லறை கிடைக்காது. மிட்டாயில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். நாலணா செல்லாது என்று 2011 ஜூன் மாதத்தோடு அரசு நிறுத்திய பிறகு நாலணா மிட்டாய் என்று ஒன்றே இல்லாமல் போயிற்று, எட்டணா மிட்டாய்தான். இன்று ஒரு ரூபாய்க்குக் கீழே மிட்டாய் ஏது? கடைக்காரர் சில்லறைக்குப் பதில் நம் கையில் திணிப்பதும் அதே மிட்டாய்தான். ஆக, விலை காசோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது, அசைக்கக்கூடியது எடை ஒன்றுதான். இந்த நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. பார்லேயே ஒருமுறை ஐம்பது காசு ஏற்றிப் பார்த்து, விற்பனை சரிந்ததும் பழைய விலைக்கே இறங்கியது. வாங்குகிற ஆள் காசைத்தான் பார்க்கிறான், கிராமைப் பார்ப்பதில்லை என்று அன்றைக்கு அவர்களுக்கு உறுதியாயிற்று. அந்த அறியாமையின் மேல்தான் இவ்வளவு பெரிய வியாபாரமும் நிற்கிறது.

அந்த ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டை வாங்குவது யார் என்று பாருங்கள். நீங்களும் நானும் அல்ல. நாம் பேரப்பிள்ளைகளுக்கு கிரீம் பிஸ்கட்டும் சாக்லேட் சில்லு வைத்ததும் வாங்குகிறோம். காலை ஏழு மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி எந்த டீக்கடைக்கும் போய் நில்லுங்கள். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள், கொத்தனார்கள், மூட்டை தூக்குகிறவர்கள். ஒரு டீ, ஒரு ஐந்து ரூபாய் பாக்கெட். பலருக்கு மதியம் வரை அதுதான் ஆகாரம். அவர்கள் அதைத் தின்பண்டமாக வாங்கவில்லை, சோறாக வாங்குகிறார்கள். நூறு கிராம் ஐம்பத்தைந்து ஆயிற்று என்றால் அவர்கள் காலைச் சாப்பாட்டில் பாதியை எடுத்துக்கொண்டோம் என்று பொருள். அப்படி எடுத்ததை அவர்களிடம் சொல்லவும் இல்லை. எட்டு வகுப்புப் படித்த பெண்ணிடம், பொடி எழுத்தில் நிகர எடை போட்டிருக்கிறோமே என்று சொன்னால் சட்டப்படி சரி. அதுவும் இங்கிலீஷில்.

2020 ஊரடங்கில் பார்லே மூன்று கோடி பாக்கெட் இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்ததையும் சொல்லிவிடுகிறேன். நடந்தே ஊர் போன ஜனங்கள் கையில் அந்த மஞ்சள் பாக்கெட் இருந்தது உண்மை. அந்த மாதங்களில்தான் பார்லே-ஜி எண்பது வருடத்தில் இல்லாத விற்பனை கண்டது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாலை போடுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்தது அந்த 'குளுக்கோஸ்'. இதில் எனக்குக் கோபம் இன்னும் அதிகம்.

நம் ஊரில் குளுக்கோஸ் என்றால் என்ன? அரசு ஆஸ்பத்திரியில் கம்பியில் தொங்கும் பாட்டில். "குளுக்கோஸ் ஏத்தினாங்க, தெம்பா எழுந்து உக்காந்துட்டாரு" என்பதுதான் நம் ஜனங்களுக்குத் தெரிந்த குளுக்கோஸ். அந்தப் பெயரை பிஸ்கட் மேல் போட்டால் அது தெம்பு தரும் மருந்தாகிவிடுகிறது. காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் குளுக்கோஸ் பிஸ்கட்டைப் பாலில் தோய்த்துக் கொடுக்காத வீடு உண்டா? இந்தப் பெயரில் பல கம்பெனிகள் பிஸ்கட் விட்டன, பிரிட்டானியா உட்பட. தங்கள் சரக்கைத் தனியாகக் காட்டத்தான் பார்லே எண்பதுகளில் குளுக்கோஸை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிப் பார்லே-ஜி என்று வைத்தது. அதற்கப்புறம் 'ஜி' என்றால் ஜீனியஸ் என்றார்கள். ஞாயிறு பகலில் தூர்தர்ஷனில் சக்திமான் ஓடிய காலம் ஞாபகம் இருக்கிறதா? தெருவில் ஒரு பையன் இருக்க மாட்டான். அந்தத் தொடருக்கும் பார்லே-ஜி விளம்பரதாரர். பறக்கிற வீரனையும் பிஸ்கட்டையும் ஒன்றாகப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று அப்பா அம்மாவாகி அதே பாக்கெட்டை வாங்கித் தருகிறார்கள்.

உறையின் பின்பக்கம் ஜீனியஸ் இல்லை. கோதுமை மாவு என்று எழுதியிருக்கும் மைதா, சர்க்கரை, பாமாயில், சர்க்கரைப் பாகு. அதற்குப் பின்னால்தான் பால் பொருள். எடையில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரை. ஐம்பத்தைந்து கிராம் பாக்கெட்டைத் தின்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை உள்ளே போகிறது, டீயில் போட்ட சர்க்கரை தனி. இதில் மூளை வளர என்ன இருக்கிறது? பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்த உருண்டையில் இதைவிட சத்து இருக்கிறது. அதற்கு சக்திமான் வரவில்லை, அவ்வளவுதான்.

(நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை வியாதி என்றதும் மாரி பிஸ்கட்டுக்கு மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்த உறையையும் ஒருநாள் திருப்பிப் படியுங்கள். அதுவும் மைதாவும் சர்க்கரையும்தான்.)

மாரி என்றதும் நம் பக்கத்து மாவட்டத்துச் செய்தி ஒன்று. இது பார்லே அல்ல, ஐ.டி.சி. சென்னைக்கு வடக்கே ஒருவர் தெரு நாய்களுக்குப் போட சன்ஃபீஸ்ட் மாரி லைட் பாக்கெட் வாங்கியிருக்கிறார். உறையில் 16 பிஸ்கட் என்று போட்டிருந்தது, உள்ளே 15. விடவில்லை மனுஷன். திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். கம்பெனியின் பதில் என்ன தெரியுமா? நாங்கள் எண்ணிக்கைக்கு விற்கவில்லை, எடைக்கு விற்கிறோம் என்றார்கள். ஆணையம் அதை ஏற்கவில்லை. 2023ல் ஒரு லட்ச ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு லட்சமா என்று பத்திரிகையில் வேடிக்கைச் செய்தியாகப் போட்டார்கள். எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. எடை குறைந்தது என்று கேட்டால் விலை ஏறவில்லையே என்கிறது இந்தத் தொழில். எண்ணிக்கை குறைந்தது என்று கேட்டால் எடையைப் பாருங்கள் என்கிறது. எதைப் பிடித்தால்தான் நிற்பார்கள்?

எடைக் குறைப்பைக் கம்பெனியே வாய்விட்டுச் சொன்ன சந்தர்ப்பம் ஒன்றும் உண்டு. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எல்லா பிஸ்கட்டுக்கும் 18 சதவீதம் போட்டார்கள். அதற்கு முன்பு கிலோ நூறு ரூபாய்க்குள் விற்கும் மலிவு பிஸ்கட்டுக்குத் தனிச் சலுகை இருந்தது. தங்கக் கடுதாசி சுற்றிய பிஸ்கட்டுக்கும் கூலிக்காரன் பிஸ்கட்டுக்கும் ஒரே வரி என்பது அநியாயம், அதில் நான் கம்பெனி பக்கம்தான். 2019 ஆகஸ்டில் பார்லே தரப்பில் சொன்னார்கள்: இந்த வரியால் பாக்கெட்டில் பிஸ்கட்டைக் குறைக்க வேண்டியதாயிற்று, கிராமத்தில் விற்பனை படுத்துவிட்டது, அரசு கவனிக்காவிட்டால் பத்தாயிரம் பேர் வரை வேலை இழக்க நேரும். நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. அக்டோபரில் இன்னொரு செய்தி வந்தது, சின்ன எழுத்தில். அதற்கு முந்தைய நிதியாண்டில் பார்லே பிஸ்கட்ஸ் லாபம் 15 சதவீதம் கூடி 410 கோடி. லாபம் சம்பாதிப்பது குற்றமில்லை. ஆனால் பாக்கெட்டில் பிஸ்கட்டைக் குறைத்தோம் என்பதை அரசாங்கத்தை மிரட்டும்போது மட்டும் சொல்கிறார்கள், வாங்குகிறவனிடம் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். கோதுமை இல்லை என்று ஜனங்களுக்கு நேராக விளம்பரம் கொடுத்த அதே கம்பெனி.

விலே பார்லேயில் இருந்த அந்த முதல் ஆலையை 2016ல் மூடிவிட்டார்கள். ரயிலில் போகும்போதே பிஸ்கட் வேகும் வாசனை வரும் என்று பம்பாயில் இருந்தவர்கள் சொல்வார்கள். இப்போது சரக்கில் பெரும்பகுதி நாடெங்கும் இருக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஒப்பந்த ஆலைகளில் ஆகிறது. தொழில் அப்படித்தான் வளரும், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது நடப்புக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு வரி 18லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. வரி ஏறியபோது பிஸ்கட்டைக் குறைத்தவர்கள், இறங்கியபோது கூட்ட வேண்டும். கணக்கு சுலபம். ஐந்து ரூபாயில் பழைய வரி போக நின்றது 4 ரூபாய் 24 காசு. அதன் மேல் 5 சதவீதம் போட்டால் 4 ரூபாய் 45 காசு. பாக்கி 55 காசை யாரும் கையில் கொடுக்கப் போவதில்லை, அப்படி ஒரு சில்லறையே நாட்டில் இல்லை. அதனால் விலையை விட்டுவிட்டு எடையைக் கூட்டுகிறோம் என்று பல கம்பெனிகள் சொல்லின. நல்லது. அப்படியானால் செப்டம்பருக்கு முன் இருந்த எடையில் எட்டில் ஒரு பங்கு கூடியிருக்க வேண்டும். 55 கிராம் இருந்தால் 62 கிராமுக்குச் சற்றுக் குறைவாக. 88 இருந்தால் 99. எந்தக் கம்பெனி பாக்கெட்டானாலும் இதே விகிதம். உங்கள் வீட்டுக் குப்பைக் கூடையில் பழைய உறை ஒன்று கிடைக்கும், புதியதோடு வைத்துப் பாருங்கள். தெருக்கடை அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் உறையில் போட்டதை விற்கிறவர். உறையில் இருக்கும் வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணுக்குக் கேளுங்கள். நமக்குத்தான் பகலில் நேரம் இருக்கிறதே.

இன்னொரு வசதியும் இப்போது இருக்கிறது. ஒரு கிராம் என்ன விலை என்று உறையிலேயே அச்சிட வேண்டும் என்று சில வருடங்களுக்கு முன் விதி வந்துவிட்டது. அதிகபட்ச விலைக்குப் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில், 0.09 என்பதுபோல இருக்கும். பூதக்கண்ணாடி இருந்தால் படிக்கலாம்.

ஆனால் இதெல்லாம் நாம் தேடிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டிய காரியமாகவே இருக்கிறது. பிரான்சில் 2024 ஜூலை முதல் ஒரு விதி போட்டிருக்கிறார்கள். விலையைக் குறைக்காமல் எடையைக் குறைத்த சரக்கு என்றால், பெரிய கடைக்காரர் அந்தச் சரக்குக்குப் பக்கத்திலேயே, முன்பு இத்தனை கிராம், இப்போது இத்தனை கிராம், கிராமுக்கு விலை இவ்வளவு ஏறியிருக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு எழுதி வைக்க வேண்டும். நம்மூர் டீக்கடை சிலேட்டு மாதிரிதான். இங்கே ஐந்து ரூபாய்ப் பாக்கெட் விற்பது பெட்டிக்கடையில், அவர் எங்கே எழுதி வைப்பார்? அதனால் உறையின் முன்பக்கத்திலேயே, குழந்தைப் படத்துக்குக் கீழே, தமிழ்நாட்டுக்கு வரும் சரக்கில் தமிழில், பழைய எடை இவ்வளவு, புதிய எடை இவ்வளவு என்று மூன்று மாதம் போடட்டும். கம்பெனிக்குக் கூடுதல் செலவு ஒரு காசு ஆகாது. எடை மாறும்போது உறையை எப்படியும் புதிதாகத்தான் அச்சடிக்கிறார்கள்.